பதினேழு மணி நேரத் தண்ணீர்

ஒன்பதாம் நம்பர் ஷட்டரைத் தூக்கினால் கடைமடையான நெட்டியங்காட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேரப் பதினேழு மணி நேரம் ஆகும். வாய்க்கால் காய்ந்து கிடந்தால் இன்னும் மூன்று மணி கூட. இதை எந்த என்ஜினீயரும் துரைக்கண்ணுவுக்குச் சொல்லித் தரவில்லை. முப்பத்தோரு வருஷம் கரையில் சைக்கிள் மிதித்துத் தெரிந்துகொண்டது.

லஸ்கர் என்றதும் பட்டாளத்து வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பாசன ஆபீசில் அதற்குக் கீழே உத்தியோகம் கிடையாது. ஷட்டர் சாவி, கிரீஸ் டப்பா, ஒரு சைக்கிள். மேலே இருந்து போன் வந்தால் தூக்க வேண்டும், போன் வந்தால் இறக்க வேண்டும். ஆனால் ஆற்றில் தண்ணீர் குறைந்து, ஆறு நாள் மேல்மடைக்கு, ஆறு நாள் கடைமடைக்கு என்று முறை வைத்துவிட்டார்கள் என்றால், இருபது ஏக்கர்காரரும் லஸ்கர் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றுவார். அந்தச் சமயத்தில் லஸ்கருக்குத் தலை கனப்பது சகஜம். துரைக்கண்ணுவுக்குத் தலைக்கனம் இல்லை, குடிதான். காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்.

அவர் வேலை பார்த்த ஷட்டர் மேலவெளியில், பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில். ஷட்டருக்கு மேல்பக்கம் சிமெண்டுப் படிக்கட்டும் ஒரு தேக்கமும் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தேக்கத்தைத் தேடிக்கொண்டு ஒரு சின்ன வயசுப் பாஸ்டர் வந்தார். பெயர் தேவஇரக்கம். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மேலவெளிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு இருபது இருபத்தைந்து பேரை வைத்து ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் சபையில் முழுக்கு ஞானஸ்நானம். தண்ணீர் இடுப்பளவாவது வேண்டும்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ரெண்டு மணி நேரம் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி வெச்சுக் குடுத்தீங்கன்னா தண்ணி நிக்கும்" என்று கேட்டார்.

சட்டப்படி அது கூடாது. ஆனால் துரைக்கண்ணு சட்டப்படி நடந்து பழக்கப்பட்டவர் இல்லை. இறக்கி வைத்தார். அப்படி வருஷத்துக்கு மூன்று நாலு தடவை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலையில் ஆட்கள் படியிறங்குவார்கள். பாஸ்டர் ஒரு கையால் முதுகைத் தாங்கி மல்லாக்கச் சாய்த்து முக்கி எடுப்பார். மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே எழுந்திருப்பவர்கள் ஏன்தான் அப்படிச் சிரிக்கிறார்களோ என்று துரைக்கண்ணு ஷட்டர் மேடையில் பீடி குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் எல்லாம் முடிந்து, சொட்டச் சொட்ட மேடைக்கு ஏறி வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார் பாஸ்டர். காலை ஒன்பது மணிக்கே துரைக்கண்ணு மீது சரக்கு வாடை. பாஸ்டர் முகத்தைச் சுளிக்கவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. துரைக்கண்ணுவின் பொட்டலத்திலிருந்து ஒரு இட்லியைப் பிட்டுத் தின்றுகொண்டே கேட்டார்.

"வர்றவங்களுக்கெல்லாம் தண்ணி பிடிச்சு வெக்கிறீங்க. நீங்க எப்பண்ணே உள்ள இறங்கப் போறீங்க?"

"எனக்கு என்னத்துக்கு?" என்று சிரித்தார் துரைக்கண்ணு.

"உங்களையுந்தான் கூப்பிடுறார்" என்று சொல்லிவிட்டு, பாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு யாராவது கேட்டிருந்தால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பார். அன்றைக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. துரைக்கண்ணுவை எதற்காகவாவது யாராவது கூப்பிட்டார்கள் என்றால் அது ஷட்டருக்காகத்தான். ஷட்டர் இல்லாமல், வெறும் துரைக்கண்ணுவை ஒருவர் கூப்பிடுகிறார் என்ற பேச்சே அவருக்குப் புதிது. மூன்று மாசம் அதையே மென்றுகொண்டிருந்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை குடியை நிறுத்தினார். பத்து நாள் கை நடுங்கியது, கண்ட கண்ட பூச்சி சுவரில் ஊர்வதாகக் கத்தினார். மனைவி மங்களாம்பிகை பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊட்டினாள். அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோவிலுக்குப் போகிறவள். "நீங்க எந்தச் சாமிய வேணா கும்புட்டுக்குங்க, இந்தக் கருமத்தத் தொடாம இருந்தாப் போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

போன வருஷம் ஆனி மாசம், ஐம்பத்தாறு வயசில், தான் தேக்கி வைத்த தண்ணீரில் தானே இறங்கினார். பேரை மாற்றிக்கொள்ளலாம் என்று பாஸ்டர் சொன்னதற்கு, "ஆபீஸ்ல சர்வீஸ் புத்தகத்துல கொளறுபடி ஆயிடும்" என்று மறுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டர் அவரைச் சாய்த்தார். தண்ணீர் முகத்தின் மேல் மூடியது. அந்த இரண்டு விநாடிக்குள், மூடிய கண்ணுக்குள்ளே, சாமிதுரை நின்றான்.

சாமிதுரை யார் என்றால், நெட்டியங்காட்டில் மூன்று ஏக்கர் வைத்திருந்தவன். செவ்வந்தியின் புருஷன். செவ்வந்தியும் துரைக்கண்ணுவும் ஒரே ஊரில் பிறந்தவர்கள். ரத்த உறவு ஒன்றுமில்லை. ஆனால் கூடப்பிறந்தவன் இல்லாத செவ்வந்திக்குப் பிறந்த ஊர்க்காரர்தான் அண்ணன். வாய்க்கால் கரையோடு பதினோரு கிலோமீட்டர் மிதித்து அவர் நெட்டியங்காட்டு வரைக்கும் போகிற நாளெல்லாம் அவள் வீட்டில்தான் சாப்பாடு. குடித்திருந்தாலும் சோறு போடுவாள், திட்டிக்கொண்டே போடுவாள். சாமிதுரை அவரை மச்சான் என்பான். இவர் அவனை மாப்ள என்பார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்துப்போன வருஷம், கார்த்திகைக் கடைசி. சம்பா பால்பிடிக்கிற நேரம். இன்னும் ஒரு தண்ணீர், ஒரே ஒரு தண்ணீர் கிடைத்தால் கடைமடை தப்பிக்கும் என்ற நிலை. கடைமடை முறை வந்தது. காலையில் தூக்க வேண்டிய ஷட்டர். முதல் நாள் மாலையே மேலவெளி ரெத்தினம் வந்துவிட்டார். ஷட்டருக்கு மேலே அவருக்குப் பன்னிரண்டு ஏக்கர். "ரெண்டே ரெண்டு நாள் பொறுத்துத் தூக்கு துரைக்கண்ணு, என்ன குடி முழுகிடப் போவுது?" என்று சொல்லித் தன் மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். வெளிநாட்டுப் பாட்டில் இரண்டு, விரால் மீன் குழம்பு. இரண்டு நாள் மூன்றாயிற்று. துரைக்கண்ணு மோட்டார் கொட்டகையிலேயே புரண்டு கிடந்தார். நடுவில் ஒருமுறை சாமிதுரை போன் பண்ணினான்.

"மச்சான், தண்ணி வருமா? பயிரு முகம் வாடுது மச்சான்."

"மேலேருந்தே விடல மாப்ள. வந்தா தூக்க மாட்டனா?" என்றார் துரைக்கண்ணு.

நாலாம் நாள் தெளிந்து எழுந்து ஷட்டரைத் தூக்கியபோது, அணையில் தண்ணீர் இல்லை என்று மேலேயே அடைத்துவிட்டிருந்தார்கள். அதோடு அந்த வருஷத்துக்கு ஆறு முடிந்தது. நெட்டியங்காட்டில் நிறையப் பேருக்குப் பயிர் கருகியது. மார்கழி பிறந்து மூன்றாம் நாள், கருகின வயலின் வரப்பிலேயே சாமிதுரை தன் உயிரை மாய்த்துக்கொண்டான். மழை இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை, அதனால் ஒரு விவசாயி செத்துப்போனான் என்று பேப்பரில் வந்தது. ஊரும் அப்படித்தான் சொன்னது. செவ்வந்தியும் அப்படித்தான் நம்பினாள்.

ரெத்தினத்துக்கு அந்த வருஷம் நல்ல விளைச்சல்.

சாமிதுரையின் மகள் பூவிழிக்கு அப்போது பதின்மூன்று வயசு. அடுத்த சித்திரையில் அவள் வயசுக்கு வந்தபோது, தாய்மாமன் சீர் வைக்க ஆள் இல்லையே என்று செவ்வந்தி துரைக்கண்ணுவைத்தான் கூப்பிட்டு அனுப்பினாள். இவர் பட்டுப் பாவாடை, மாலை, பதினோரு தட்டு என்று தூக்கிக்கொண்டு போய் நின்றார். அந்தப் பெண் காலில் விழுந்து கும்பிட்டது. திரும்பி வருகிற வழியில் முன்னைவிட மோசமாகக் குடிக்க ஆரம்பித்தவர்தான், பாஸ்டர் வந்து இட்லியைப் பிட்டுத் தின்று மூன்று மாசம் ஆகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

இப்படி ஒன்றை அடியில் வைத்துக்கொண்டு ஒருவன் முழுக்குப் போட்டால் என்ன ஆகும்? மற்றவர்கள் சிரித்துக்கொண்டு எழுந்தார்கள் அல்லவா, துரைக்கண்ணு அழுதுகொண்டு எழுந்தார். ஆவியானவர் தொட்டார் என்று எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள்.

குடியை விட்டதும் தூக்கமும் போயிற்று. முன்பெல்லாம் போதையில் மறந்திருந்ததை இப்போது பச்சையாக, தெளிவாக, மணிக்கணக்கோடு நினைக்க வேண்டியதாயிற்று. ஷட்டரை ஒழுங்காக முறைப்படி தூக்கினார். ரெத்தினம் கோபித்துக்கொண்டார், ஆபீசுக்குப் பெட்டிஷன் போட்டார். இவர் மசியவில்லை. அதனாலெல்லாம் மனசு ஆறவில்லை. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த ஆடியில் பாஸ்டரிடம் போய், "ஒரு குடும்பத்துக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

பாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். "கர்த்தர் மன்னிச்சுட்டார், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அவர் பின்னால போறேன்னு கிளம்பின பிறகு, யாருக்குச் செஞ்சமோ அவங்க முகத்தைப் பாக்காம ஒளிஞ்சுகிட்டுப் போக முடியாதுண்ணே. விவரம் எனக்கு வேண்டாம். அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. பாரம் இறங்கும். அப்புறம் சபையில வந்து சாட்சி சொல்லுங்க."

நல்ல மனுஷன். பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பத்திரண்டு வயசு, சொன்ன சொல் எங்கே போய் எப்படி விழும் என்று பார்க்கிற வயசு இல்லை, அவ்வளவுதான்.

துரைக்கண்ணு மங்களாம்பிகையிடம் எல்லாவற்றையும் சொன்னார். "பூவிழிக்கு ஆவணியில கல்யாணம். பத்திரிகை அடிச்சாச்சு. தாய்மாமன்னு நம்ம பேரப் போட்டிருக்கா. இப்பப் போய் இதச் சொல்லப் போறீங்களா?" என்றாள்.

"இத மனசுல வெச்சுக்கிட்டு எப்புடிடி போய் அந்த எடத்துல நிப்பேன்?"

"ஒங்க மனசு லேசாவறதுக்கு அவ தலையில கொண்டுபோய் இறக்கப் போறீங்க. அதான் இதுக்கு அர்த்தம்."

"தெரியாமயே அவ எனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"போட்டுட்டுப் போறா" என்றாள் மங்களாம்பிகை. "சொல்லாம இருக்கறதுதான் ஒங்களுக்குத் தண்டனை. அத அனுபவிங்க."

அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும் என்று நினைத்திருந்தார். சொல்லாமல் சுமப்பதற்கும் அது வேண்டும் என்பது தோன்றவே இல்லை. சாவி, கிரீஸ் டப்பா எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சைக்கிளை எடுத்தார்.

செவ்வந்தி கூடத்தில் பாயை விரித்துக் கல்யாணப் பத்திரிகைகளைப் பரப்பி, கிண்ணத்தில் குழைத்த மஞ்சளை ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பூவிழி வேலைக்குப் போயிருந்தாள். தஞ்சாவூரில் ஒரு லேபில் டெக்னீஷியன்.

"வாண்ணே. மோர் எடுத்துக்க, அடுக்களையில இருக்கு. கையெல்லாம் மஞ்சளு" என்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் தொட்ட விரல் நின்றது. "என்னண்ணே ஒரு மாதிரி இருக்க? ஒங்க சபையில வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களா? மாலை தொடக்கூடாது, விபூதி பூசக்கூடாதுன்னு ஏதாவது சட்டமா? அப்படின்னா இப்பயே சொல்லிடு. பயந்துகிட்டே இருக்கேன். அவ அப்பாவும் இல்ல, நீயும் இல்லன்னா நான் யாரக் கொண்டாந்து நிறுத்துவேன்?"

"அதில்ல செவ்வந்தி."

"அப்புறம்?"

சொன்னார். கீழே பார்த்துக்கொண்டு, ஒன்று விடாமல். ரெத்தினம் வந்தது, மோட்டார் கொட்டகை, மீன் குழம்பு, சாமிதுரையின் போன், தான் சொன்ன பதில். சொல்லி முடித்து, "எனக்கு நீ என்ன தண்டனை வேணா குடு. மன்னிக்கணும்னு கேக்க எனக்கு வாயில்ல. ஆனா கேக்கத்தான் வந்தேன்" என்றார்.

அவர் எதிர்பார்த்தது வேறு. விளக்குமாற்றை எடுப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், தெருவைக் கூட்டுவாள். அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தார். அவளோ இன்னொரு பத்திரிகையை எடுத்து, ஒரு மூலை, இரண்டு மூலை, மூன்று, நாலு என்று மஞ்சள் வைத்து அடுக்கினாள். அடுத்ததையும் எடுத்தாள்.

"எத்தன நாளு?" என்றாள்.

"மூணு நாளு."

"ஷட்டர் பூட்டியிருந்துச்சா?"

"பூட்டல. இறக்கித்தான் வெச்சிருந்தேன். சாவி மேடையிலயே கெடந்துச்சு."

"வேற யாராச்சும் போயிருந்தா தூக்கியிருக்க முடியுமா?"

எதற்குக் கேட்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. இனிமேல் பொய் சொல்வதில்லை என்று சத்தியத்துக்கு ஒப்புக்கொடுத்தவர் அல்லவா, உள்ளது உள்ளபடி சொன்னார். "ஒருத்தரே போதும், சாவியப் போட்டுச் சுத்துனா தூக்கிடலாம்."

"அவரு ஒனக்குப் போன் பண்ணுன அன்னிக்கு, சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தூக்கியிருந்தா?"

துரைக்கண்ணுவின் வாய் தானாகவே கணக்குப் போட்டது. "வாய்க்கால் காஞ்சு கெடந்துச்சு. இருபது மணி நேரம். மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு ஒங்க வயலுக்கு வந்திருக்கும்."

செவ்வந்தி மஞ்சள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். புடவையில் மஞ்சள் அப்பியதை அவள் கவனிக்கவில்லை.

"ஒங்கிட்டப் பேசிட்டு போன வெச்சாரு. வெச்சுட்டு, இவன் குடிகாரப் பய, பொய் சொல்றான், நான் போய் ஷட்டரப் பாத்துட்டு வரேன்னு சைக்கிள எடுத்தாரு. நாலு மணி இருக்கும். அஞ்சு மணிக்கெல்லாம் போயிருப்பாரு. நாந்தான் ஓடிப்போய் ஹேண்டில்பாரப் புடிச்சேன். எங்க அண்ணனச் சந்தேகப்படுறியா, குடிக்குமே தவிர எங்க அண்ணன் வாயில பொய் வராதுன்னேன். சண்டை போட்டேண்ணே. ரெண்டு நாளு பேசல. அப்பறம் அவரே எங்கிட்ட வந்து, சரிடி, ஒங்க அண்ணன் நல்லவன்தான், எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னாரு."

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். எட்டு வருஷமாகத் துரைக்கண்ணு அந்த மூன்று நாளை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கரையில் எதிரே ஒரு சைக்கிள் வந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"எட்டு வருசமா மானத்து மேல பழியப் போட்டுட்டு இருந்தேன்" என்றாள். அழவில்லை, குரல்தான் உடைந்து உடைந்து வந்தது. "மழை பேயல, நம்ம என்ன பண்றதுன்னு. அப்படி நெனச்சுத்தாண்ணே சோறு தின்னேன், புள்ளையப் படிக்க வெச்சேன். இத ஏன் எங்கிட்ட வந்து சொன்ன?"

"என்னால தாங்க முடியல செவ்வந்தி."

"நான் தாங்கணும். அதானே?"

இதற்கு என்ன சொல்வது என்று பாஸ்டருக்காவது தெரிந்திருக்குமா? எழுந்து அவள் காலில் விழப்போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேண்டாம். வெளிய பாத்தா என்னன்னு கேப்பாங்க. இது இன்னும் யாருக்குத் தெரியும்?"

"மங்களத்துக்கு மட்டும்."

"அதோட நிக்கணும். ஒங்க சாமியாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமா பூவிழிக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவ ஒன்ன மட்டுமா வெறுப்பா? எங்கம்மா தடுக்காம இருந்திருந்தா எங்கப்பா இருந்திருப்பாருன்னு நெனைப்பா. வாழ்நாளெல்லாம் நெனைப்பா." மஞ்சள் கையை நீட்டினாள். "சத்தியம் பண்ணு. அவளுக்கு அப்பன் எடத்துல நின்னு தாரை வார்த்துக் குடுக்கணும். ஒண்ணும் நடக்காத மாதிரி நிக்கணும்."

சத்தியம் பண்ணக்கூடாது என்று சபையில் சொல்லியிருந்தார்கள். உண்மையை வெளியே சொல் என்றும் சொல்லியிருந்தார்கள். துரைக்கண்ணு அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். உள்ளங்கையில் மஞ்சளோடு பதினோரு கிலோமீட்டர் திரும்பி மிதித்தார். எதிரே வந்த ஒவ்வொரு சைக்கிளுக்கும் இறங்கி ஒதுங்கி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஆவலோடு கேட்டார். "போனீங்களாண்ணே? பாரம் இறங்குச்சா?"

துரைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு, "சாட்சி சொல்ல ஒண்ணுமில்ல பாஸ்டர்" என்றார். போகவே இல்லை போலிருக்கிறது என்று பாஸ்டர் எடுத்துக்கொண்டார். அவர் கண்ணில் தெரிந்த ஏமாற்றத்தைத் துடைக்க ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இவருக்கு இனி உரிமை இல்லை.

கல்யாணம் பேராவூரணியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மண்டபத்தில். துரைக்கண்ணுவும் மங்களாம்பிகையும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார்கள். செவ்வந்தி வாசலிலேயே வரவேற்றாள். "வாண்ணே, வாங்கண்ணி" என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். இளைத்துப்போயிருந்தாள். கல்யாண அலைச்சல் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அவரைப் பார்த்துப் பேசும்போதெல்லாம் அவள் கண் அவர் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

ஐயர் கூப்பிட்ட இடத்தில் துரைக்கண்ணு உட்கார்ந்தார், நெற்றியில் விபூதியும் சந்தனமும் வைத்தபோது முகத்தைக் காட்டினார், மாலையை எடுத்துக் கொடுத்தார். மேலவெளிக் கடைத்தெருவிலிருந்து சீர்வரிசைப் பாத்திரம் கொண்டுவந்திருந்த குந்தவை, பாஸ்டரின் சபையில் பாட்டுப் பாடுகிற பெண், கூட்டத்தில் நின்று இதைப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனாள். இவரும் அவளைப் பார்த்தார். ஒன்றும் செய்வதற்கில்லை.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. மாப்பிள்ளையின் கைமேல் பூவிழியின் கை, அவள் கைமேல் துரைக்கண்ணுவின் கை. மங்களாம்பிகை செம்பைச் சாய்த்தாள். மெல்லிசாகத் தண்ணீர் விழுந்து விரல் இடுக்கு வழியாக வழிந்தது. சாமிதுரையின் கை இருக்க வேண்டிய இடத்தில் தன் கை இருக்கிறது என்று அவரால் அப்போது நினைக்கவே முடியவில்லை. தண்ணீர் சீக்கிரம் தீர வேண்டும் என்று மட்டும் நினைத்தார். நல்ல பெரிய செம்பு. தீரவே இல்லை.

தாலி கட்டி முடிந்ததும் பூவிழி காலில் விழுந்தாள். எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா இல்லங்கற கொறையே தெரியல மாமா" என்றாள். படித்த பெண், உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறவள் இல்லை. மனசாரச் சொன்னாள். துரைக்கண்ணு வாய்விட்டு அழுதுவிட்டார். தாய்மாமன் பாசம் என்று போட்டோகிராபர் பாய்ந்து வந்து படம் எடுத்துக்கொண்டான்.

பந்தி முடிந்து கிளம்புகிற நேரத்தில் செவ்வந்தியே தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். மங்களாம்பிகை பஸ்ஸுக்கு இடம் போட முன்னால் போய்விட்டாள். சுற்றிலும் யாரும் இல்லை.

"நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்ட" என்றாள் செவ்வந்தி. "அதுக்குக் கும்புட்டுக்கறேன். ஒம்மேல கோவப்படலாம்னுதான் பாக்கறேன். கோவம் வர்றதுக்கு முன்னாடி அந்த ஹேண்டில்பாரு கையில வந்துடுது. இனிமே நெட்டியங்காட்டுக்கு வராதண்ணே. யாராச்சும் கேட்டா மொழங்கால் வலின்னு சொல்லிக்க. தண்ணி மட்டும் வரட்டும். நீ வர வேணாம்."

பையை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

துரைக்கண்ணு விபூதி, சந்தனம் வைத்துக்கொண்ட கதை குந்தவை மூலம் சபைக்குப் போயிற்று. பாஸ்டர் வீட்டுக்கே வந்து, "ஏன்ணே? ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கறேன்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். துரைக்கண்ணு பேசவில்லை. கொஞ்ச நாள் திருவிருந்து எடுக்க வேண்டாம், மனசு திரும்பின பிறகு பார்க்கலாம் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறார் துரைக்கண்ணு. கடைசி வரிசையில் உட்காருகிறார். அப்பமும் திராட்சரசமும் வருகிற தட்டு அவர் வரிசைக்கு முன்னாலேயே திரும்பிவிடுகிறது. குடிக்கவில்லை. குடித்தால் மறந்துவிடும், மறப்பதற்கும் தனக்கு இனி உரிமை இல்லை என்று நினைக்கிறார். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. கூப்பிட்டவர் இன்னும் கூப்பிடுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்டுப் பார்ப்பார். ஷட்டருக்கு அடியில் தண்ணீர் கசிகிற சத்தம்தான் கேட்கும்.

புரட்டாசியில் தண்ணீர் குறைந்து மறுபடி முறை வைத்தார்கள். கடைமடை முறைக்கு முதல் நாள் ரெத்தினம் வந்து மேடைக்குக் கீழே நின்று பார்த்தார். ஒன்றும் கேட்காமலே போய்விட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வந்தது. துரைக்கண்ணு சாவியைப் போட்டுச் சுற்றினார். பலகை ஏறியது, தண்ணீர் அடியில் புரண்டு கீழ்ப்பக்கம் பாய்ந்தது. வாய்க்காலில் இந்தத் தடவை ஈரம் இருந்தது. பதினேழு மணி நேரம். நாளைக் காலை பத்து மணிக்கு செவ்வந்தியின் நாற்றங்காலுக்குப் போய்ச் சேரும்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். கிழக்கே நெட்டியங்காட்டுப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து ஒன்றும் தெரியாது. பிறகு எழுந்து, பற்சக்கரத்துக்குக் கிரீஸ் தடவினார்.